உன் பெயருக்குப் பின்னால் நான் போட்ட பி.ஏ.

செந்தில் கண்ணு,

நீ காலையில் ஜீப்பை எடுக்க வரும்போது சீட்டின் மேல் இந்தக் காகிதங்கள் இருக்கும். அதற்குள் நான் மலை இறங்கியிருப்பேன். சேலத்தில் பஸ் மாறி ஓமலூருக்கு, உன் மாமனார் வீட்டுக்குப் போகிறேன். பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மனுசர் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லப் போகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வராதே. நீ தடுப்பாய் என்று தெரிந்துதான் நேரில் சொல்லாமல் எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால், "விடுங்கம்மா, முடிஞ்சு போனது" என்பாய், நானும் சரியென்று விட்டுவிடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்க்கிற லாட்ஜ் மாடியில், பெட்ஷீட் அடுக்கி வைக்கும் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று நாளாக இந்த ஒண்டிக்கடைப் பக்கம் முழுக்க பனிமூட்டம், துவைத்ததெல்லாம் கொடியில் ஈரமாகவே தொங்குகிறது, எனக்கும் கை சும்மாதான் இருக்கிறது. மேனேஜரிடம் நாலு தாள் வாங்கினேன். பத்தாமல் மறுபடி நாலு கேட்டேன். "என்னங்கக்கா, கதை எழுதறீங்களா?" என்றான். "நான் பண்ணுன காரியத்தை எழுதறேன் தம்பி, நாலு தாள்ல அடங்க மாட்டேங்குது" என்றேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். ரூம்களில் விட்டுவிட்டுப் போகிற வார இதழ்களை வாசித்து வாசித்து, எழுத உட்கார்ந்தால் அந்தத் தமிழ்தான் எனக்கு வருகிறது. அம்மா இப்படியெல்லாம் பேச மாட்டாளே என்று சிரிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னால் அதை விழுங்க முடியவில்லை. யாழினி அரையாண்டு லீவுக்கு ஓமலூர் அப்புச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். நீ வாசலில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தாய். நான் கொஞ்சம் தள்ளி, காயப் போட்ட காபிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஓடி வந்து உன் முன்னால் நின்றாள். "அப்பா, நீங்க பொய் சொல்லித்தான் அம்மாவைக் கட்டிக்கிட்டீங்களா? படிக்காமயே படிச்சேன்னு கல்யாணப் பத்திரிகையில போட்டீங்களாமா? அப்புச்சி ஊட்டுல பேசிக்கிட்டாங்க." நீ குழாயை நிறுத்தினாய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஆமா சாமி. அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன். பொறவுதான் படிச்சு முடிச்சேன். நீ அப்படியெல்லாம் பண்ணக் கூடாது, என்ன?" என்றாய். அந்தப் பிள்ளை உன்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்து வயசுக்குள் ஒரு பெண் தன் அப்பனை அப்படிப் பார்க்கக் கூடாது. நான் காபிப் பழத்தைக் கிளறிக்கொண்டே இருந்தேன். வாய்க்காரி, ஊரே பயப்படுகிற வாய்க்காரி, அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருக்கிறது.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை. உனக்கு இங்கிலீஷ் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணமே நான்தான். வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் லாட்ஜ் ரூமில் விட்டுவிட்டுப் போகிற கதைப் புத்தகங்களைப் பையில் போட்டுக் கிளியூருக்கு, நம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அடுப்பு பற்றவைக்கத்தான் கொண்டுவந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆறாவது படிக்கும்போது அடுப்புக்கு முன்னால் இருந்து ஒன்றை எடுத்து ஒளித்து வைத்தாய். அதற்கப்புறம் ஒரு புத்தகத்தையும் நான் எரிக்கவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வேலைக்கு ஆகிற படிப்பாகப் பார்த்துச் சேர்ந்தபோது, நீ சேலத்துக் காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்தாய். முதல் பஸ்ஸில் இறங்கிக் கடைசி பஸ்ஸில் ஏறி வருவாய். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் வாந்தி எடுக்கிறவர்களுக்கு நடுவில் இவன் ஒருத்தன் புத்தகம் படிக்கிறான் என்று கண்டக்டர் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது நொம்பப் பெருமை. லாட்ஜில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எம்பையன் பி.ஏ. இங்கிலீஷுங்க" என்று நீ முதல் வருடம் படிக்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ரெண்டாவது வருடம் முடிகிற சமயம், மிளகு பறிக்கிற காலம். உன் அப்பா எஸ்டேட்டில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றைக் கம்பு ஏணி போட்டு ஏறியவர், மேலிருந்து விழுந்தார். இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தவர் ஒரு வருடம் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவில்லை, அதற்கப்புறமும் வேலைக்குப் போகிற உடம்பாக இல்லை. உன் தங்கச்சி மல்லிகாவுக்கு அப்போது பால்வாடி வயசு. "ஒரே ஒரு வருசம் நில்லு கண்ணு, அப்பா எந்திரிச்சதும் போய்க்கலாம்" என்று நான் சொன்னேன். நீ காபிப் பழம் பறித்தாய், லோடு ஏற்றினாய், லாட்ஜில் ரூம் பாய் வேலை பார்த்தாய், லைசென்ஸ் எடுத்து ஏரிக்கரையில் ஜீப் ஓட்ட ஆரம்பித்தாய். அந்த ஒரு வருடம் எட்டு வருடமாகிவிட்டது. சுற்றுலா வருகிறவர்களிடம் நீ இங்கிலீஷில் பேசுவதைக் கேட்டு, "தம்பி என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். நீ, "டிரைவிங்குங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய்.

அப்புறம் கவிதா ஜாதகம் வந்தது. ஓமலூர்ப் பக்கம், அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர், பெண் எம்.ஏ., பி.எட். அவர்கள் நம் வீட்டுக்கு வந்ததிலேயே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "பையன் என்ன படிச்சிருக்காருங்க?" என்று சம்பந்தி கேட்டதும், "சேலத்துல பி.ஏ. இங்கிலீஷ் படிச்சானுங்க" என்றேன். படிச்சான் என்றேனே தவிர முடிச்சான் என்று சொல்லவில்லையே, அது எப்படிப் பொய்யாகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ அப்போது காபி வாங்கிவர ஒண்டிக்கடைக்குப் போயிருந்தாய். நீ இருந்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

பத்திரிகை அடிக்க நான் மட்டும் சேலம் போனேன். அந்தப் பிரஸ்காரர் எல்லாப் பெயரையும் எழுதி வாங்கிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "பொண்ணு பேருக்குப் பின்னால எம்.ஏ., பி.எட்.ன்னு ரெண்டு பட்டம் வருதுங்க. மாப்பிள்ளை பேரு மொட்டையா நிக்குதுங்களே, பாக்கறவங்க கேப்பாங்க" என்றார். அதுவரைக்கும் எனக்கு அந்த நினைப்பே இல்லை கண்ணு, சத்தியமாக இல்லை. அந்த மொட்டை என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. "பி.ஏ. போடுங்க" என்றேன். "பாஸாயிட்டாருங்களா?" "ஏனுங்க, பாஸாகாதவனுக்கா போடச் சொல்லுவாங்க?" என்று அந்த மனுசரையே அதட்டினேன். அவர் இங்கிலீஷ் எழுத்தில் ரெண்டு எழுத்தும் ரெண்டு புள்ளியும் வைத்தார். அந்த ரெண்டு எழுத்தையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

அதற்கப்புறம் செய்ததுதான் அதைவிடக் கேவலம். முந்நூறு பத்திரிகையும் கட்டாக வந்து இறங்கிய அன்றைக்கு, நீ ஜீப்பில் டூரிஸ்டுகளோடு சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தாய். நீ பார்த்தால் மாற்றச் சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் தடவிவிட்டால் மாற்ற முடியாது என்பதும் தெரியும். நாலு மூலையிலும் மஞ்சள் பட்ட பத்திரிகையைக் கிழித்துப் போட நம் பக்கம் யாருக்கும் கை வராது, கல்யாணத்துக்கே ஆகாது என்பார்கள். கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பா கட்டிலில் இருந்தபடியே, "அவன் வந்து ஒரு பார்வை பாக்கட்டும் புள்ள, பொறவு தடவிக்கலாம்" என்றார். "நீங்க சித்த பேசாம இருங்க" என்றேன். முந்நூறையும் சாயங்காலத்துக்குள் முடித்தேன். விரல் நுனி எரிந்தது. நீ வந்து ஒன்றை எடுத்துப் படித்தாய். "என்னங்கம்மா இது? நான் முடிக்கலீங்களே." "மஞ்சள் தடவியாச்சு சாமி" என்றேன். "ரெண்டு வருசம் படிச்சியில்ல? மிச்சம் ஒரு வருசத்தை யாரு கேக்கறாங்க?" நீ கவிதாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணம் முடியட்டும், நானே சம்பந்தியிடம் சொல்கிறேன் என்றேன். நீ நம்பினாய். உன் கட்டை விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

கல்யாணம் முடிந்தது. நான் சொல்லவில்லை. வளைகாப்பு முடிந்தது, பெயர் வைத்தார்கள், சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு நல்ல நாள், இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு காரணம் கிடைத்தது. யாழினிக்குப் பத்து மாதம் இருக்கும்போது, இங்கே மலையில் ஒரு போர்டிங் ஸ்கூல் ஆபீஸில் வேலை இருக்கிறது என்று சம்பந்தி யாரையோ பிடித்துச் சொல்லி வைத்துவிட்டு, சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு நேராக நம் வீட்டுக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை வெயிலிலும் பனியிலும் வண்டி ஓட்டுகிறாரே என்ற பாசம். "சர்ட்டிபிகேட்டை எடுங்க மாப்ள, நானே ஜெராக்ஸ் போட்டுக் கையோட குடுத்துட்டு வர்றேன்" என்றார். நீ எழுந்து நின்றாய். "நான் பி.ஏ. முடிக்கலீங்க மாமா. ரெண்டு வருசந்தான் படிச்சேன்" என்றாய். அவர் முகம் மாறவே இல்லை. வாத்தியார் அல்லவா, நிதானமாகக் கேட்டார். "அப்ப பத்திரிகையில போடச் சொன்னது யாருங்க?"

நான் காபித் தம்ளர்த் தட்டோடு உள் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உன் அப்பா கட்டிலில் இருந்து ஏதோ பேச வாயெடுத்தார். நான் கண்ணாலேயே அவரை அடக்கினேன். அது உனக்குத் தெரியாது, உன் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தானுங்க மாமா" என்றாய். அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ என் பிள்ளை என்று தோன்றவில்லை. அப்பாடா என்றுதான் தோன்றியது. தப்பித்தேன் என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. சம்பந்தி காபியைத் தொடவில்லை. "கவிதா, துணிமணியை எடுத்து வை" என்றார். கவிதா உன்னைப் பார்த்துக்கொண்டே குழந்தையைத் தூக்கினாள். நீ ஏதாவது சொல்லுவாய் என்று பார்த்தாள். நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் அவள் வரவில்லை. யாழினி நடக்கப் பழகியதை நீ பார்க்கவில்லை. அவள் போன அன்றைக்கே நான் உன்னிடம், "நான் போயி சொல்லிப்போடறேன் கண்ணு" என்று ஒப்புக்குச் சொன்னேன். நீ, "வேண்டாங்கம்மா. பொண்ணு குடுத்தவங்க முன்னால நீங்க தலை குனியக் கூடாது. நான்னா ஒரு நாள் பொறுத்துக்குவாங்க" என்றாய். நீ சொன்னதை நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். கவிதா திரும்பி வந்தாள். ஆனால் உன் மாமனார் அன்றைக்கு இறங்கிப் போனவர் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாப்ள என்று உன்னைக் கூப்பிட்ட வாய், அப்புறம் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அவர்கள் பக்கம் ஒரு காதுகுத்தில், பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தன், "பி.ஏ.வுக்கு இன்னொரு ஜிலேபி வைங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நானும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தேன், போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

அதற்குப் பின்னால்தான் நீ அஞ்சல்வழியில் மறுபடி சேர்ந்தாய். பழைய ரெண்டு வருடமும் செல்லாது, முதலில் இருந்து எழுத வேண்டும் என்றார்களாம். மூன்று வருடப் படிப்பு உனக்கு ஆறு வருடம் ஆயிற்று. ஏரிக்கரையில் சவாரிக்குக் காத்திருக்கும்போது ஸ்டீயரிங் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பாய். பரீட்சை எப்போதும் மே மாதத்தில்தான் வரும், இங்கே சீசனும் அப்போதுதான். கோடை விழாவுக்கு ஊரே கொள்ளாமல் ஜனம் வர, மற்ற ஜீப்காரர்கள் ஒரு வருடச் சம்பாத்தியத்தை அந்த மாதத்தில் பார்க்க, நீ வண்டியை நிறுத்திவிட்டு சேலத்துக்குப் பரீட்சை எழுதப் போவாய். ஒரு வருடம் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. நீ குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், அரை மணி நேரம் தாமதமாகப் பரீட்சை எழுதினாய். மொழியியல் என்று ஒரு பேப்பர் ரெண்டு தடவை உன்னைக் கவிழ்த்தது. ரெண்டாவது தடவை ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ஊரே சிரிக்குது. இந்த வயசுல உனக்கெதுக்குடா இந்தப் படிப்பு?" என்றேன். ஊர் ஒன்றும் சிரிக்கவில்லை கண்ணு. நீ புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத்தான் அது என்னைப் பார்த்து ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. நீ விட்டுத் தொலைத்தால் எனக்கு நிம்மதி என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது?

போன ஆடியில் தபால்காரர் பெரிய கவரை என்னிடம்தான் கொடுத்தார். பிரித்தேன். ஒன்றும் படிக்கத் தெரியவில்லை, ஆனால் நடுவில் எங்கேயோ அந்த ரெண்டு எழுத்தும் இருந்தன. நான் சேலத்தில் காசு கொடுத்து வாங்கிய அதே ரெண்டு எழுத்து. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ வந்து அதை வாங்கிப் பார்த்தாய், மடிக்காமல் இரும்புப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினாய். கவிதா, "அப்பாவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லட்டுங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். நீ, "எதுக்கு? அவருதான் பத்து வருசத்துக்கு முன்னாலயே பத்திரிகையில பாத்துட்டாரே" என்றாய். அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ கஷ்டப்பட்டு வாங்கிய பட்டத்தை வெளியே சொல்ல முடியாமல் நான் ஆக்கி வைத்திருக்கிறேன் என்று.

இதுவரைக்கும் எழுதியதில் பாதிக்கு மேல் உனக்குத் தெரியும். இனி எழுதப்போவது தெரியாது. உன் அப்பா விழுந்ததும் உன் டி.சி. வாங்க நான்தானே காலேஜுக்குப் போனேன்? கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் வந்துவிட்டேன். உங்கள் இங்கிலீஷ் மேடம் வேகவேகமாகப் பின்னால் நடந்து வந்தார். "அம்மா, சித்த நில்லுங்க. மூணாவது வருச ஃபீஸை நாங்க டீச்சருங்க சேந்து பாத்துக்கறோம். அவன் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தாப் போதும், மத்த நாளு வேலைக்குப் போவட்டும். அவன் எழுதறதைத்தான் நான் மத்த பசங்களுக்குப் படிச்சுக் காட்டறேனுங்க" என்றார். கெஞ்சாத குறை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க ஊட்டுக் கஷ்டத்துக்கு அடுத்தவங்ககிட்ட கை நீட்டற பழக்கம் எங்களுக்கில்லீங்க" என்றேன். பெரிய மானக்காரி. அந்தம்மா ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அதை ஜன்னல் வழியாக விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், "மேடம் ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" "ஒண்ணுஞ் சொல்லல, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு முகம் கழுவப் போனாய். வெகுநேரம் கழுவினாய்.

அதனால், கஷ்டத்தில் உன் படிப்பு நின்றது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அது பாதி பொய். கஷ்டம் இருந்தது, ஒரு வேளைச் சோற்றுக்கே திண்டாட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கஷ்டத்திலும் ஒரு கதவு திறந்திருந்தது, அதைச் சாத்தியது நான். ரெண்டு நாள் காலேஜ், நாலு நாள் காபிக் காடு என்று ஒரு வருடம் ஓட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பிரஸ்காரர் முன்னால் நான் பி.ஏ. போடச் சொன்னது உனக்குப் பெருமை சேர்க்க இல்லை கண்ணு. உன்னிடம் இருந்து பிடுங்கியதைக் காகிதத்திலாவது திருப்பிக் கொடுத்துவிட்டதாக எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான்.

மகனுக்கு எழுதுகிறவர்கள் நாலு புத்தி சொல்லுவார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்காது, ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்தவர் செய்த தப்பைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொள்கிற பழக்கத்தை விடு. அது பெரிய குணம் என்று நீ நினைக்கிறாய். நீ தூக்கிக்கொண்டதால்தான் நான் ஒன்பது வருடம் கூசாமல் நிமிர்ந்து நடந்தேன், உன் பெண்டாட்டி ஐந்து மாதம் அழுதாள், இப்போது உன் மகள் உன்னைப் பொய்க்காரன் என்று நினைக்கிறாள். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. நாசூக்காக மாற்றிச் சொல்லாமல், அப்பத்தா என்ன பண்ணினாள் என்று இருக்கிறபடியே சொல். என்னை அவள் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும், எனக்கு அது வேண்டும்.

கவிதாவிடம் நேற்றுச் சாயங்காலமே சொல்லிவிட்டேன். ஸ்கூலில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்டக்கூடச் சொல்லலீங்களே அத்தை அவரு" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள். அப்புறம் என்னைத் திட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், "நீங்கெல்லாம் ஒரு அம்மாங்களா?" என்று கேட்டாள். கேட்கட்டும் என்று நின்றேன். உள்ளே போனவள் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அப்பாவுக்குச் சக்கரை இருக்குதுங்க. போனதும் போகாததுமா ஆரம்பிச்சுராதீங்க. அவரு சாப்புட்ட பொறவு சொல்லுங்க" என்றாள். உன்னிடம் இன்றைக்கு அவள் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் காரணம் இதுதான். பொறுத்துக்கொள், அவளுக்கு நியாயம் இருக்கிறது.

மல்லிகா கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகும்போது சம்பந்தியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் பத்திரிகை அவர்களுக்குத்தானே வைக்க வேண்டும். அப்புறம்தான் புரிந்தது. வெற்றிலை பாக்குத் தட்டில் மஞ்சள் தடவிய பத்திரிகையை வைத்து நீட்டிக்கொண்டு, இந்தாங்க, நான் பண்ணின தப்பு இது என்று சொன்னால், பாவம் அந்த மனுசர் என்ன செய்வார்? தட்டையும் தள்ள முடியாது, என்னைத் திட்டவும் முடியாது. உனக்கு நான் செய்ததையே அவருக்கும் செய்வதாகிவிடும். அதனால் வெறுங்கையோடு போகிறேன். ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கப்போவதில்லை. உன் பழைய பத்திரிகை ஒன்றை மட்டும் பையில் வைத்திருக்கிறேன். மன்னிப்பதும் வெளியே போ என்பதும் அவர் இஷ்டம். கதவைச் சாத்தினால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன், இன்னொரு நாள் போவேன்.

மல்லிகா பத்திரிகைக்குப் பிரஸ்காரர் கொடுத்த ப்ரூஃபை இதற்கு அடியில் வைத்திருக்கிறேன், பார். அதே பிரஸ், அதே ஆள், தலை மட்டும் நரைத்துவிட்டது. மணமகள் அண்ணன் என்று உன் பெயரை எழுதிவிட்டு, "பி.ஏ.தானுங்களே, போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, போடுங்க, இப்பப் போடுங்க என்று கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். "எடம் மட்டும் உட்டு வைங்க. எம்பையன் போன் பண்ணுவான்" என்றேன்.

உன் பெயருக்குப் பின்னால் விரலகலம் இடம் காலியாக இருக்கிறது. போடுவதா வேண்டாமா என்று நீயே பிரஸ்ஸுக்குச் சொல். அடித்து வந்த பிறகும் முதலில் நீ படித்துப் பார்த்து, சரி என்று சொல். அதுவரைக்கும் நான் மஞ்சள் கரைக்க மாட்டேன்.

அம்மா